மறு: சர்வீஸ் பீனுக்குத் தமிழில் என்ன? ‘மணி’ சரிப்படுமா?

நண்பர்களே,

ஸ்பிரிங் என்ற ஜாவா சட்டகத்தில் வரும் ‘சர்வீஸ் பீன்’ என்பதற்கு இங்கே வந்த சொற்களில் ‘சேவை விதை’ எனக்கு ஒட்டவில்லை. விதை என்றால் முளைக்க வேண்டும், தவிர ரேண்டம் எண்களின் ‘சீடு’க்கு (தொடக்க எண்) அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது. ‘சேவைப் பொருள்’ அதைவிட மோசம். ஆப்ஜெக்டைப் பொருள் என்கிறோம், பீன் எல்லாம் பொருள்தான், ஆனால் பொருள் எல்லாம் பீன் இல்லையே. கோடில் ‘நியூ’ போட்டு நாமே உருவாக்கினால் அது வெறும் பொருள். ஸ்பிரிங்கின் கொள்கலன் (கன்டெய்னர்) உருவாக்கிப் பராமரித்தால்தான் பீன்.

அலகுச் சோதனை (யூனிட் டெஸ்ட்) எழுதும்போது இந்த வித்தியாசம்தான் கழுத்தைப் பிடிக்கிறது. என்னிடம் விலை கணக்கிடும் ஒரு சாதா கிளாஸ் இருக்கிறது, பீன் இல்லை, உள்ளே ஒரு ஸ்டாட்டிக் மாறியில் இருக்கும் கான்டெக்ஸ்டிடம் (அதுதான் கொள்கலன்) கெட்பீன் சொல்லி வரிச்சேவையைக் கேட்டு வாங்குகிறது. சோதனையில் கொள்கலனே கிடையாது, முதல் வரியிலேயே நல்பாயின்டர் பிழை (கான்டெக்ஸ்ட் இருக்க வேண்டிய இடம் காலி). அதனால் ஜெனரிக்அப்ளிகேஷன்கான்டெக்ஸ்ட் என்ற கொள்கலன் ஒன்றை உருவாக்கி, ரெஜிஸ்டர்பீன் (ஸ்பிரிங் 5 முதல் இருக்கிறது) வழியாக ஒரு போலி வரிச்சேவையை அதில் சேர்த்தேன். கொள்கலனை இயக்கிவிடும் ரிஃப்ரெஷைச் சொல்ல மறந்துவிட்டேன்! இல்லீகல்ஸ்டேட் பிழை வந்தது, நானோ பெயரில்தான் எழுத்துப்பிழை என்று அரைமணி நேரம் தேடிக்கொண்டிருந்தேன். (சேவையைக் கன்ஸ்ட்ரக்டரிலேயே கொடுத்திருந்தால் இத்தனை பாடும் வேண்டாம், தெரியும். பழைய கோடு.)

சரி, சொல்லுக்கு வருகிறேன். பீனுக்கு ‘மணி’ என்று வைத்தால் என்ன? நெல்மணி, பாசிமணி என்று சிறியதாய், தனித்தனியாய் இருப்பதற்கு நம்மிடம் இருக்கிற சொல்தானே. எனக்குப் பிடித்தது வினைகள் தாமாகவே வந்து சேர்வது: ரெஜிஸ்டர் செய்வது மணி பதித்தல், ஆட்டோவயரிங் (தேவையான பீனைக் கொள்கலனே இணைப்பது) தானாகக் கோத்தல். டிபென்டன்சி இன்ஜெக்‌ஷனை ‘சார்பு உட்செலுத்தல்’ என்றால் ஊசி போடுகிற மாதிரி இருக்கிறது, அதோடு கணக்குப் பாடத்தில் ஃபங்ஷனையும் சார்பு என்றுதான் படிக்கிறோம். மாக் செய்த பீன், அதாவது சோதனைக்கு வைக்கும் போலி பீன், போலிமணி.

ஒரு சிக்கல், ‘சேவைமணி’ என்று சேர்த்துச் சொன்னால் யாரையோ கூப்பிட அடிக்கிற மணி மாதிரி கேட்கிறது. ‘பணிமணி’ எதுகையோடு இருந்தாலும் கொஞ்சம் விளையாட்டாகப் படுகிறது. நான் தனியாக ‘மணி’ என்றே எழுதிவிட்டு, தேவைப்படும் இடத்தில் மட்டும் ‘சேவைக்கான மணி’ என்று விரிப்பேன். அப்புறம் ஸ்டப்பையும் (கேட்டால் முன்பே வைத்த பதிலை மட்டும் தருவது) போலி என்றே சொல்லிவிட முடியாது, அதற்கு யாராவது ஒரு சொல் கொடுங்கள்.