புதுப்பிப்பு: எம்.சி. ரோட்டுக் கடைகளுக்கான கடன் கணக்குச் செயலி

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடைகளுக்காகத் தனியாளாக ஒரு கடன் கணக்குச் செயலி செய்கிறேன், சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும் என்று முன்பு கேட்டிருந்தேன். கிடைத்தார்கள். கூகுள் பிளேயில் புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குபவர், 12 பேரையாவது 14 நாள் தொடர்ந்து சோதனையில் வைத்திருந்த பிறகே வெளியிட அனுமதி கேட்க முடியும். ஆள் சேர்ப்பதைவிட, நடுவில் யாரும் கழன்றுகொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடு. செயலி வெளியாகிவிட்டது.

விற்பனைதான் நகரவில்லை. "நோட்டுக்கு சார்ஜ் தீராது தம்பி" என்றார் நைட்டிக் கடை அண்ணாச்சி. நியாயம்தான். ஆனால் பாக்கிக்காரருக்கு வாட்ஸ்அப்பில் நினைவூட்டல் போவதைக் காட்டியதும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் போனை வாங்கிப் பார்த்தார். ஆகவே மற்றவற்றை ஓரங்கட்டிவிட்டேன்; இனி நினைவூட்டல்தான் முகப்பு. மாதச் சந்தா என்றால் முகம் சுளிக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரே தொகை என்றால் பேரம் பேசுகிறார்கள். பேரம் எனக்குச் சம்மதமே. தீபாவளி நெரிசலுக்கு முன்பு சில கடைகளையாவது பிடித்துவிட வேண்டும். பிறகு கல்லாவை விட்டு யாரும் தலைநிமிர மாட்டார்கள்.