பள்ளிக்கே போகாத அம்மாவுக்கு மறதி நோயை எப்படி உறுதிசெய்வது?

வணக்கம். திருவாரூர் மாவட்டச் சிற்றூர் ஒன்றில் வசிக்கும் என் அம்மாவுக்கு வயது 71. எழுத்தறியாதவர் என்றாலும், 40 ஆண்டுகள் நடவு ஆள்களின் கூலிக் கணக்கை மனத்திலேயே வைத்திருந்தவர். கடந்த 14 மாதங்களாக ஒரே குழம்பில் இருமுறை உப்புப் போடுகிறார். சென்ற மாதம் ரேஷன் கடையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றுவிட்டார்.

இதை முதலில் உணர்ந்தவர் எங்கள் கிராம சுகாதாரச் செவிலியர்தான். ரத்த அழுத்த மாத்திரைகள் மாதாமாதம் மிஞ்சுவதை எண்ணிப் பார்த்து, என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். அந்தக் கவனத்தை நான் மறக்க மாட்டேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் வயது மூப்பு என்றார்கள். பின்னர் எடுத்த தைராய்டு, பி12, சர்க்கரைப் பரிசோதனைகளிலும் சி.டி. ஸ்கேனிலும் குறையேதும் இல்லை. மனச்சோர்வாக இருக்கலாம் என்று மூன்று மாதம் கொடுத்த மாத்திரையாலும் மாற்றமில்லை. 30 மதிப்பெண் நினைவாற்றல் சோதனையில் அம்மா 13 பெற்றார். ஆனால் வாக்கியம் எழுதவும் படம் வரையவும் கேட்கும் அந்தச் சோதனை, பென்சிலே பிடித்தறியாதவரிடம் நோயை அளக்கிறதா, படிப்பின்மையை அளக்கிறதா என்று மருத்துவராலேயே கூற இயலவில்லை. தஞ்சாவூர் வரை அழைத்துச் செல்லலாமென்றால், பேருந்தில் ஏறியதுமே பதறி இறங்கிவிடுகிறார்.

எழுத்தறியாதவர்களுக்கென அமைந்த, செவிலியரே வீட்டில் வைத்து நடத்தக்கூடிய தமிழ்ச் சோதனை எதையேனும் உங்களில் யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா?