ஃபிக்ஸி சைக்கிளுக்கு நல்ல சீட் சொல்லுங்களேன்

நண்பர்களே, வணக்கம். என்னுடையது ஃபிக்ஸட் கியர் சைக்கிள். ஞாயிறு காலையில் திருவான்மியூரிலிருந்து ஈ.சி.ஆரில் கோவளம் தாண்டிப் போய்வருவேன். கோவளம் வரை சுகம்தான், அப்புறம் உட்கார முடிவதில்லை.

சாதாரண சைக்கிள் என்றால் பெடலை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் இடுப்பைத் தூக்கி ஆசுவாசப்படலாம். இதில் சக்கரம் சுற்றும்வரை காலும் சுற்றியே ஆகவேண்டும். வேகத்தடையிலும் அதே கதைதான். அதனால் தொடை உராய்வதும் அதிகம். சீட்டின் மூக்கு அகலமாக இருந்தால் உள்தொடை சிவந்துவிடுகிறது.

ஜெல் உறை வேண்டாம், போட்டுப் பார்த்தாயிற்று. மெத்தென்று அமுங்கி நடுப்பகுதியில்தான் அழுத்துகிறது. அட்டைமேல் உட்கார்ந்து, பிட்டத்து எலும்புகள் இரண்டும் பதிந்த தடத்தை அளந்தேன், மையத்துக்கு மையம் 115 மி.மீ. வருகிறது. ஹேண்டில் சீட்டைவிடச் சற்றே தாழ்வு.

புரூக்ஸ் கம்பெனியின் பி17 தோல் சீட் மேல் ஆசை உண்டு. ஆனால் தோல் சீட் சென்னை வியர்வைக்கும் ஐப்பசி மழைக்கும் தாங்குமா? அதே கம்பெனியின் ரப்பர் சீட்டான கேம்பியம் ஓட்டியவர்கள் இருக்கிறீர்களா? நடுவில் பள்ளம் விட்ட சீட் ஃபிக்ஸிக்கு ஒத்துவருமா? பட்ஜெட் ஐயாயிரம், பழையது யாரிடமாவது இருந்தாலும் சரி. வாங்குமுன் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்க விடும் கடை சென்னையில் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.