பெருந்தீக்குத் தீயணைப்புதான் காரணமா?

கேள்வி: 1935-இல் அமெரிக்க வனத்துறை, எந்தக் காட்டுத்தீயானாலும் அது தெரியவந்த மறுநாள் காலை 10 மணிக்குள் கட்டுக்குள் கொண்டுவரப்பட வேண்டும் என்று விதித்தது. இதனால் சருகும் புதரும் மண்டி, பிற்காலத்தில் பெருந்தீக்கு வழி பிறந்தது என்று படித்தேன். 1988-இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா எரிந்ததற்கும் இதுவே காரணமா? பழைய தீக்களின் காலத்தை எவ்வாறு கணிக்கிறார்கள்?

மறுமொழி 1: இரண்டாவது கேள்விக்கு மட்டும் விடை தருகிறேன். தரையோடு ஊர்ந்து செல்லும் தீ, மரத்தைக் கொல்லாமல் அடிப்பகுதியில் பட்டையைத் துளைத்துச் சுட்டுவிட்டால், அந்த இடத்தில் வளர்ச்சி நின்று, அடுத்தடுத்த ஆண்டுகளின் வளையங்கள் காயத்தின் இரு ஓரங்களிலிருந்தும் சுருண்டு வந்து அதை மூட முயலும். அடிமரத்தின் குறுக்குவெட்டை நன்கு இழைத்துப் பார்த்தால், ஒரே மரத்தில் பல தழும்புகள் அடுக்கடுக்காகத் தெரிவதுண்டு. வளையங்களைப் பிற மரங்களின் வளையங்களோடு பொருத்தி ஆண்டைக் கணிப்பார்கள். வளையத்திற்குள் தழும்பு விழுந்திருக்கும் இடத்தைக் கொண்டு பருவத்தையும் ஓரளவு சொல்லிவிடலாம்.

மறுமொழி 2: முதல் கேள்விக்கு என் விடை: பெரும்பாலும் இல்லை. நீங்கள் படித்தது பாண்டெரோசா பைன் காடுகளுக்குப் பொருந்தும். அங்கே சில ஆண்டுகளுக்கோ ஓரிரு பத்தாண்டுகளுக்கோ ஒருமுறை தரைத்தீ வந்து இளங்கன்றுகளைக் களைந்து சென்றது. அது நின்றபின் நெருங்கி வளர்ந்த கன்றுகள், தீ மர உச்சிக்கு ஏறப் படிகளாயின. யெல்லோஸ்டோனின் பெரும்பகுதி லாட்ஜ்போல் பைன் காடு. நூறு முதல் முந்நூறு ஆண்டு இடைவெளியில் மொத்தமாக எரிந்து, மீண்டும் முளைப்பதே அதன் இயல்பு. அங்குள்ள மரங்கள் பலவற்றில் பிசினால் மூடிய கூம்புகள் வெப்பம் பட்டால்தான் திறந்து விதை சிந்தும். அப்படிப்பட்ட காட்டில் சில பத்தாண்டுத் தீயணைப்பு பெரிய மாற்றத்தைச் செய்திருக்காது. 1988-இல் பூங்காவின் ஏறத்தாழ 36 விழுக்காட்டுப் பரப்பைத் தீ தொட்டதற்குக் கடும் வறட்சியும் பலத்த காற்றும் முதன்மைக் காரணங்கள். ஒரு காட்டின் கதையை எல்லாக் காடுகளுக்கும் ஒட்டவைக்கும் கட்டுரைகள் எனக்கு அலுத்துவிட்டன.

கேட்டவர்: மிக்க நன்றி. அப்படியானால், பாண்டெரோசா காடுகளில் திட்டமிட்டுத் தீ வைத்தால் பழைய நிலை திரும்பிவிடுமா?

மறுமொழி 2: நேராகத் தீ வைப்பது ஆபத்து. நெடுங்காலம் எரியாத காட்டில் முதுமரங்களின் அடியில் மக்கிய சருகு தடித்த மெத்தையாகக் கிடக்கும். அது சுடரின்றி மணிக்கணக்கில் கனன்று, நுண்வேர்களையும் பட்டைக்குள்ளிருக்கும் உயிர்த்திசுவையும் வேகவைத்துவிடும். சாதாரணத் தரைத்தீக்கு அசையாத மரம்கூட இதனால் பின்னர் பட்டுப்போகலாம். ஆகவே, முதலில் நெருக்கமான இளமரங்களை வெட்டி இடைவெளி உண்டாக்கி, முதுமரங்களைச் சுற்றியுள்ள சருகை வாரி விலக்கிய பிறகே, ஈரப்பதமும் காற்றும் ஒத்துவரும் நாளில் தீ வைக்க வேண்டும்.