பல மொழிப் பிள்ளைகள், ஒரே வகுப்பு: எந்த விளையாட்டு எடுபடுகிறது?

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இருக்கும் வகுப்பென்றால் இந்தி, ஒடியா, வங்காளம், தெலுங்கு எல்லாம் கலந்திருக்கும். முதல் வாரம் பேச்சு அதிகம் தேவைப்படாத ஆட்டம்தான் சரி. என் ஓட்டு பல்லாங்குழிக்கு.

பலகை வாங்க வேண்டாம். 30 முட்டை அட்டையில் வரிசைக்கு 6 குழி வீதம் 5 வரிசை. இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் 12 குழிப் பலகை இரண்டு; மிச்ச வரிசை, ஜெயித்த காயைப் போட. முறைப்படி 14 குழி, 70 காய். இதற்குக் குழிக்கு 5 வீதம் 60 புளியங்கொட்டை போதும்.

பலகைக்கு நாலு பேர். பக்கத்துக்கு ஒரு தமிழ்ப் பிள்ளை, ஒரு புதுப் பிள்ளை. ஒருவர் காய் போட, மற்றவர் வாய்விட்டு எண்ண வேண்டும். அடுத்த கையில் மாற்றிக்கொள்ளட்டும். எண்ணைச் சொன்ன பிறகே காய் விழ வேண்டும். இந்த விதி இல்லையென்றால் கை ஓடும், வாய் மூடிக்கொள்ளும். காய் எடுத்த குழியிலேயே 'ஒண்ணு' என்று தொடங்கும் பிள்ளைகள் உண்டு. முதல் இரண்டு கையிலேயே திருத்திவிடுங்கள். முழு ஆட்டம் பாடவேளையையே விழுங்கிவிடும். 15 நிமிடத்தில் நிறுத்தி, காய்களைப் பத்துப் பத்தாகக் குவித்து எண்ணச் சொல்லுங்கள். பத்து, ஒன்று இடமதிப்பு அங்கேயே வந்துவிடும்.

~~~

எண்ணுக்குச் சரி. எழுத்தில் சிக்கல் வேறு. இந்தியில் எ, ஒ குறில் தனி எழுத்தாக இல்லை. ஒடியாவிலும் வங்காளத்திலும் அப்படித்தான். அதனால் கொடி, கோடி இரண்டும் அந்தக் காதுக்கு ஒன்றே. கவனக்குறைவு என்று திட்டிப் பயனில்லை.

எடு–ஏடு, கெடு–கேடு, கொடி–கோடி, தொடு–தோடு: எட்டுச் சொல், எட்டு அட்டை. தரையில் சாக்பீஸால் இரண்டு வட்டம், சின்னது குறிலுக்கு, பெரியது நெடிலுக்கு. சொல் காதில் விழுந்ததும் வட்டத்துக்குள் குதிக்க வேண்டும். அட்டையைப் பிறகுதான் காட்ட வேண்டும். முதலிலேயே காட்டினால் கொம்பைப் பார்த்துக் குதிப்பார்கள், காது வேலை செய்யாது. சொல்லை அழைக்கத் தெலுங்குப் பிள்ளையை நிறுத்துங்கள். அதன் மொழியில் இந்தக் குறில் நெடில் உண்டு, கூச்சமும் விடும். இதே ஆட்டத்தை ல, ள சொற்களுக்கு வைத்தால், அழைக்க ஒடியாப் பிள்ளை. ஒடியாவில் இரண்டுமே உண்டு. ழகரத்தை மட்டும் முதல் மாதம் தொடாதீர்கள்.

~~~

ஒன்று சேர்க்கிறேன். 'அவுட்' வைக்காதீர்கள். தப்பாகக் குதித்த பிள்ளை வெளியே உட்கார்ந்தால், பயிற்சி அதிகம் வேண்டியவர்தான் முதலில் ஓரம் போவார். தப்பினால் அதே சொல்லை உரக்கச் சொல்லிவிட்டு உள்ளேயே நிற்கட்டும். மொழிவாரியாக அணி பிரிப்பதும் வேண்டாம். வகுப்பில் இருக்கும் கோஷ்டி ஆட்டத்திலும் வந்துவிடும். வண்ண நூலைக் கையில் கட்டிப் பிரியுங்கள், வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.