லப்டொப்பில் பில்ட் ஆகிறது, சேர்வரில் உடைகிறது – உதவி தேவை

வடலி:
அண்ணாமார், அக்காமார், இரண்டு நாளாக மண்டை காய்கிறது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் மூன்று பேர் சேர்ந்து, சுன்னாகத்து ஹார்ட்வேர் கடை ஒன்றுக்குப் பில் போடும் மென்பொருள் செய்கிறோம். நோட் ஜேஎஸ், ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளில். புதன்கிழமை வரை உபுண்டு (லினக்ஸ்) சேர்வரில் ஒழுங்காக பில்ட் ஆனது, அதாவது கோட் ஓடக்கூடிய மென்பொருளாகக் கட்டப்பட்டது. வெள்ளி காலையிலிருந்து உடைகிறது. பிடிஎஃப் ஆக்கும் லைப்ரரியில் (பிறர் எழுதிவைத்த ஆயத்தக் கோட்) நாங்கள் கேட்கும் பங்க்ஷன் வெளியே கிடைக்கும்படி எக்ஸ்போர்ட் ஆகவில்லையாம். என் விண்டோஸ் லப்டொப்பில் அதே கோட் சிக்கலில்லாமல் ஓடுகிறது. இரண்டிலும் நோட் 20 தான். ஒருத்தரும் ஒரு வரிகூட மாற்றவில்லை. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் கொடுப்பதாகக் கடைக்காரருக்குச் சொல்லிவிட்டோம்.

கண்டிவீதி:
இறக்கிய லைப்ரரிகள் கிடக்கும் நோட் மொட்யூல்ஸ் ஃபோல்டரையும், அவற்றின் வேர்ஷன்களைக் குறித்துவைக்கும் லொக் பைலையும் அழித்துவிட்டுத் திரும்ப இன்ஸ்டோல் பண்ணிப் பாருங்கோ. எனக்கு எப்போதும் அதுதான் கைகொடுக்கும்.

பழைய கை:
தம்பி, பொறுங்கோ, லப்டொப்பில் எதையும் அழிக்காதேங்கோ. ஓடுகிற வேர்ஷன்கள் எவை என்பதற்கு இப்போது இருக்கிற ஒரே சாட்சி அந்த லொக் பைல்தான். முதலில் அதற்கு ஒரு பிரதி எடுங்கள். பிறகு இரண்டு இடத்திலும் 'என்பிஎம் எல்எஸ்' (இறக்கிய லைப்ரரிகளைப் பட்டியலிடும் கட்டளை) போட்டு, அந்த லைப்ரரியின் வேர்ஷன் என்ன என்று சொல்லுங்கோ. லொக் பைல் கிட்டில் (கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) இருக்கிறதா?

வடலி:
லப்டொப்பில் 4.2.0, சேர்வரில் 4.3.0. லொக் பைல் கிட்டில் இல்லை அண்ணை. எங்கள் மூவரின் மாற்றங்களை மேர்ஜ் பண்ணும்போதெல்லாம் அதில் மோதல் வருகிறது என்று, கிட் கண்டுகொள்ளக்கூடாத பைல்களின் பட்டியலான கிட்இக்னோரில் போட்டிருந்தோம்.

பழைய கை:
அங்கேதான் பிடி. எந்த லைப்ரரிகள் வேண்டும் என்று எழுதிவைக்கும் பக்கேஜ் பைலில் ^4.2.0 என்று இருக்கும். அந்தக் கூரைக் குறிக்குப் பொருள், 4.2.0 முதல் 5.0.0 க்குக் கீழே எது வந்தாலும் சரி என்பது. லப்டொப்பில் முன்பு இறக்கியது அப்படியே கிடக்கிறது. சேர்வரோ ஒவ்வொரு முறையும் வெறும் ஃபோல்டரில் தொடங்கி, அன்றைக்கு இருப்பதில் புதியதை இறக்குகிறது. உங்கள் கோட் மாறாவிட்டாலும் அடியில் இருப்பது மாறிவிட்டது. லைப்ரரிக்காரர் நடு இலக்கத்தை ஏற்றும்போது பழையதை உடைக்கக்கூடாது என்பது முறை. ஆனால் ஆவணத்தில் சொல்லாத உள்வேலைப் பங்க்ஷனை நீங்கள் எடுத்திருந்தால் பிழை உங்கள் பக்கம்.

கிட்இக்னோரிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டு லொக் பைலைக் கிட்டில் சேர்த்துக் கொமிட் பண்ணுங்கள். சேர்வரில் 'என்பிஎம் இன்ஸ்டோல்' வேண்டாம், 'என்பிஎம் சிஐ' போடுங்கள். அது நோட் மொட்யூல்ஸைத் துடைத்துவிட்டு, லொக் பைலில் உள்ளதை மட்டும் இறக்கும். பக்கேஜ் பைலும் லொக்கும் ஒத்துப்போகாவிட்டால் நின்றுவிடும், தானாக எதையும் மாற்றாது. மேர்ஜ் மோதல் வந்தால் பக்கேஜ் பைலைக் கையால் சரிசெய்து 'என்பிஎம் இன்ஸ்டோல்' ஓட்டுங்கள், லொக்கை அதுவே சீர்ப்படுத்தும்.

வடலி:
அந்தப் பிழை போய்விட்டது, கோடி நன்றி. இப்போது வேறொன்று: பில் தலைப்பு வரும் எங்களுடைய சொந்த பைலையே காணவில்லை என்கிறது! கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது. லப்டொப்பில் இப்போதும் ஓடுகிறது.

கொக்குவிலான்:
பைல் பெயரின் முதல் ஆங்கில எழுத்து பெரியதா சின்னதா என்று பாருங்கள். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுக்கும், லினக்ஸ் எடுக்காது. கிட்டில் என்ன பெயர் இருக்கிறது என்று 'கிட் எல்எஸ்-பைல்ஸ்' காட்டும்.

வடலி:
கிட்டில் சின்ன எழுத்து, லப்டொப்பில் பெரிய எழுத்து! வியாழன் இரவு எங்கள் மூன்றாமவர் 'அழகுக்காக' பெயரை மாற்றி, அந்த பைலை அழைக்கும் இம்போர்ட் வரியையும் மாற்றியிருக்கிறார். ஒரு வரிகூட மாறவில்லை என்று நான் சொன்னதை மறந்துவிடுங்கோ.

கொக்குவிலான்:
விண்டோஸில் எழுத்தளவு மட்டும் மாறினால் கிட் கவனிக்காது. 'கிட் எம்வி' கொண்டு மாற்றுங்கள். அடம்பிடித்தால் இடையில் வேறொரு பெயர் வைத்து இரண்டு தடவையாக மாற்றுங்கள். எழுத்தளவைப் பார்க்காதே என்று கிட்டுக்குச் சொல்லும் இக்னோர்கேஸ் செட்டிங்கை மாற்றச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதீர்கள். ஒரே பைல் இரண்டு பெயரில் கிட்டுக்குள் வந்து கிடக்கும்.

வடலி:
பில்ட் ஆகிவிட்டது. கடைக்காரரிடம் காட்டினேன். பில்லில் தமிழ்க் கொம்புகள் எழுத்துக்குப் பின்னால் விழுகின்றன என்கிறார். அதற்குப் புது இழை திறக்கிறேன்.