கல்லட்டி ஓட்டினவனுக்கு ஹா ஜாங் என்ன பெரிய ஆபத்து?

குன்னூர்_கிளட்ச்:
வர்ற அக்டோபர்ல நாங்க நாலு பேரு வியட்நாம் போறோம். ஹனோய்ல இறங்கி பஸ்ஸுல வடக்கு மலைப் பக்கம் இருக்கிற ஹா ஜாங். அங்க ஆளுக்கொரு வண்டி வாடகைக்கு எடுத்து டாங் வான், மா பி லெங் கணவாய், மேவ் வாக்னு ஒரு சுத்து. சுமார் 350 கிலோமீட்டர். வீட்ல சொன்னதுல இருந்து அம்மா மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. "உலகின் ஆபத்தான சாலைகள்"னு வீடியோ தேடித் தேடி எனக்கே ஃபார்வேர்ட் பண்றாங்க.

நான் கேக்கறது ஒண்ணுதான். ஊட்டி–மசினகுடி கல்லட்டி ரோட்டுல 36 கொண்டை ஊசி வளைவு. மழையிலயும் மூடுபனியிலயும் அதுல ஓட்டிப் பழகினவங்க நாங்க. மா பி லெங் மொத்தமே 20 கிலோமீட்டர், உயரமும் ஊட்டிய விடக் கம்மி. கீழ இருந்து வர்றவன் பயந்தா நியாயம். நாம எதுக்குங்க பயப்படணும்?

பர்லியார்_ஸ்டியரிங்:
தம்பி, மேட்டுப்பாளையம்–ஊட்டி ரூட்டுல பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவன் நான். நீ சொன்ன கல்லட்டியையே எடுத்துக்குவோம். 2018 அக்டோபர்ல சென்னையில இருந்து வந்த கார் ஒண்ணு அங்க பள்ளத்துல விழுந்து, ரெண்டு நாள் யாருக்கும் தெரியாமலே கெடந்துச்சு. அதுக்கப்புறம்தான் வெளியூர் வண்டி அந்த வழியா எறங்கக் கூடாதுன்னு போலீஸ் தடுத்தாங்க. ஏறி வரலாம், எறங்கக் கூடாது. டி.என். 43, நம்ம நீலகிரி நம்பர் வண்டின்னா விடுவாங்க. தடுக்கப்படறவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாதுன்னு யாரும் சொல்லல. ரோடு தெரியாது, அவ்வளவுதான்.

ஹா ஜாங்ல நீதான் வெளியூர் வண்டி.

கோத்தகிரி_புல்லட்:
அண்ணா சொல்றத ஒத்துக்கறேன். ஆனா அப்படிப் பாத்தா யாரும் எங்கயும் போக முடியாதே. நான் அந்தச் சுத்தைத் தனியா ஓட்டிட்டு வந்தவ, பொண்ணு. ரோடு பெரும்பாலும் நல்ல தார். நடுநடுவுல வேலை நடக்கிற எடத்துல ஜல்லியும் சேறும் இருக்கும், நம்ம ரோட்டுல இல்லாததா?

அந்த ரோட்டோட கதை தெரிஞ்சா வீட்ல இருக்கவே முடியாது. 1959-ல இருந்து 1965 வரைக்கும் பெரும்பாலும் கையாலயே வெட்டுனது. மா பி லெங் பாறையில மட்டும் ஆளுங்க கயித்துல தொங்கிக்கிட்டு பதினோரு மாசம் குடைஞ்சிருக்காங்க. கீழ நோ குவே ஆறு பச்சையா ஒரு கோடு மாதிரி ஓடும். சுத்தி எல்லாம் சுண்ணாம்புக்கல் மலை. 2010-ல யுனெஸ்கோ ஜியோபார்க்னு அறிவிச்ச பீடபூமி. வேன் ஜன்னல்ல இருந்து அதப் பாக்கறதும் வண்டியில போறதும் ஒண்ணு கிடையாது.

இன்னொண்ணு. "ஆபத்தான சாலை"ங்கிற பட்டமே பாதி வியாபாரம். பொலிவியாவுல யுங்காஸ் ரோட்டை உலகத்துலயே ஆபத்தானதுன்னு ஒரு வங்கி சொன்னது 1995-ல. புது ரோடு வந்ததும் லாரி, பஸ்ஸெல்லாம் அதுக்கு மாறிருச்சு. பழைய ரோட்டுல இப்ப பெரும்பாலும் சைக்கிள் ஓட்டற டூரிஸ்ட்டுங்கதான். பட்டம் மட்டும் இன்னும் பனியன்ல ஓடிட்டிருக்கு.

பெருமாள்மலை:
கொடைக்கானல்ல இருந்து எழுதறேன். புல்லட் அக்கா யுங்காஸ் கதையில பாதியத்தான் சொன்னாங்க. மீதிய நான் சொல்றேன்.

லா பாஸ் ஊருக்கு மேல லா கும்ப்ரேங்கிற கணவாய், 4,650 மீட்டர் கிட்ட. அங்க இருந்து 1,200 மீட்டர் வரைக்கும் எறக்கம். கைப்பிடிச் சுவர் பல எடத்துல கிடையாது. பொலிவியாவுல வண்டி வலதுபக்கம்தான் போகும். ஆனா அந்தப் பழைய ரோட்டுல மட்டும் இடதுபக்கம். ஏன்னா அவங்க வண்டியில ஸ்டியரிங் இடதுபக்கம். டிரைவர் தலைய நீட்டி வெளி டயர் விளிம்புல எங்க நிக்குதுன்னு பாக்கணும். எறங்கறவன்தான் பள்ளத்தோரம் ஒதுங்கி வழி விடணும், ஏறி வர்றவனுக்கு முன்னுரிமை. ஏறுறவனுக்கு வழிங்கிறது நம்ம காட் ரோட்லயும் உள்ள சட்டம்தான், இங்க எவன் மதிக்கிறான்ங்கிறது வேற பேச்சு.

சொல்ல வந்தது: எந்தப் பக்கம் போறதுங்கிறதே உயிர் விஷயம். வியட்நாம்ல வலதுபக்கம். நேர் ரோட்டுல ஒரு மணி நேரத்துல பழகிரும். ஆனா திரும்பற எடத்துல திடீர்னு லாரி மூஞ்சி தெரிஞ்சா மூளை யோசிக்காது, கை இழுக்கும். உங்க கை இத்தனை வருசமா இடதுபக்கம் இழுத்துப் பழகின கை. அங்க இடதுன்னா லாரி வர்ற பக்கம். கல்லட்டியில எவ்வளவு நல்லா ஓட்டினியோ அவ்வளவு ஆழமா அந்தப் பழக்கம் பதிஞ்சிருக்கும் தம்பி. உன் அனுபவம் அந்த ஒரு செகண்டுல உனக்கு எதிரி.

குன்னூர்_கிளட்ச்:
அண்ணே, அப்ப ஊர்ல ஓட்டுனா மட்டும் சாக மாட்டோமா? 2022 மத்திய அரசுக் கணக்கப் பாருங்க. இந்தியாவுல சாலை விபத்துல செத்தது 1,68,491 பேரு. அதுல 44.5 சதவீதம் டூவீலர். அம்மா தினமும் என்னைய அந்த ரோட்டுலதான் வேலைக்கு அனுப்பறாங்க.

பெருமாள்மலை:
அது தினமும் கோடிக்கணக்கான பேரு ஓட்டுற நாட்டுக் கணக்கு. நீ போறது சில நாள், தெரியாத ரோடு, தெரியாத வண்டி. ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதே. வீட்லயே ஆபத்து இருக்குங்கிறது வெளிய இன்னொரு ஆபத்தைத் தேடிப் போறதுக்குக் காரணம் ஆகுமா?

பட்டறை_அருவங்காடு:
யாராவது வண்டியப் பத்திப் பேசுவீங்கன்னு பாத்தேன். கையெல்லாம் ஆயிலு, தப்பா அடிச்சா கண்டுக்காதீங்க.

அங்க வாடகைக்கு நிறைய கிடைக்கிறது ரெண்டு வகை. ஒண்ணு ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டர். அதுல கிளட்ச் தானா பிடிக்கும், தானா விடும். எறக்கத்துல ஆக்ஸிலேட்டர மூடி வேகம் நல்லா கொறஞ்சதும் கிளட்ச் விட்டுரும். அப்புறம் இஞ்சின் பிடிக்காது, வண்டி நியூட்ரல்ல உருள்ற மாதிரிதான். மொத்த பாரமும் பிரேக்குக்கு. டிரம் சூடாகி, ஷூ வழுக்க ஆரம்பிக்கும், கருகுன வாடை வரும், லிவரு கைப்பிடி வரைக்கும் வந்துரும். டிஸ்க்குன்னாலும் பிரேக் ஆயில் பழசா இருந்தா கொதிச்சு காத்துக் கட்டும். சீசன்ல எங்க பட்டறைக்கு வர்ற வாடகை ஸ்கூட்டர்ல பாதி இந்தக் கேஸுதான். பெட்ரோல மிச்சம் பண்றேன்னு நியூட்ரல்ல எறங்கற நம்மூர் மகராசனுங்க தனி.

ரெண்டாவது வகை கிளட்ச் லிவர் இல்லாத கியர் வண்டி. எறக்கத்துக்கு இதுதான் நல்லது, செகண்ட்ல போட்டா இஞ்சின் பிடிக்கும். ஆனா இதுல ஒரு வெவகாரம் இருக்கு. முன்பக்கம் மிதிச்சா கியர் ஏறும், நம்ம ஸ்ப்ளெண்டர் மாதிரி. தம்பி நீ டியூக் ஓட்டறவன்தானே? உன் வண்டியில மிதிச்சா எறங்கும். அங்க எறக்கத்துல கியரக் கொறைக்கிறேன்னு மிதிச்சீன்னா மூணுல இருந்து நாலுக்குப் போயிரும், வண்டி பிச்சுக்கும். மொத நாள் தட்டையான எடத்துல ஒரு மணி நேரமாவது ஓட்டிக் கால பழக்கு. வண்டி எடுக்கறப்ப பிரேக் ஷூ, டயர் நூல், செயின் மூணையும் குனிஞ்சு பாரு. வெக்கப்படாதே. அவன் குடுக்கிற முட்டை ஓட்டு ஹெல்மெட்ட வாங்காதே, உன்னோடத எடுத்துட்டுப் போ.

கோத்தகிரி_புல்லட்:
பட்டறை அண்ணனுக்கு ஒரு கும்பிடு. நான் எடுத்ததும் கிளட்ச் இல்லாத வண்டிதான். அதோட, ராத்திரி தங்குற வீடுகள்ல சோளச் சாராயம் ஊத்திக் குடுப்பாங்க. மறுத்தா வருத்தப்பட மாட்டாங்க, சும்மா சிரிப்பாங்க. அங்க 2020-ல இருந்து ஒரு சொட்டு இருந்தாலும் ஓட்டக் கூடாதுன்னு சட்டம். காலையில அந்த மப்போட ஏறுற வெள்ளைக்காரப் பசங்கதான் ரோட்டோரம் கை, கால்ல பிளாஸ்திரியோட உக்காந்திருப்பாங்க.

பாலிசி_அக்கா:
ஓட்டுவது பற்றி எனக்குத் தெரியாது. ஊட்டியில் காப்பீட்டு முகவராக இருப்பதால் காகிதம் பற்றித் தெரியும். இத்தனை பேர் பேசியும் யாரும் லைசென்ஸ் பற்றிக் கேட்கவில்லை, ஆச்சரியமாக இருக்கிறது.

ஆர்டிஓ அலுவலகத்தில் ஆயிரம் ரூபாய் கட்டினால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி தருவார்கள், ஒரு வருடம் செல்லும். அதன் அட்டையைப் படித்துப் பாருங்கள். 1949 ஒப்பந்தத்தின்படி வழங்கப்பட்டது என்றிருக்கும். அது ஜெனீவா ஒப்பந்தம். வியட்நாம் 2014-ல் சேர்ந்தது 1968-ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தத்தில். நம் புத்தகத்தை அங்கே ஏற்பதில்லை. தாய்லாந்தில் அதே புத்தகம் செல்லும். இலங்கையில் அங்குள்ள அங்கீகாரத்தையும் சேர்த்து வாங்க வேண்டும். நேபாளத்தில் நம் லைசென்ஸே போதும், வண்டிக்குத்தான் எல்லையில் பன்சார் எனும் சுங்க வரி கட்ட வேண்டும்.

ஆகவே ஹா ஜாங்கில் கியர் வண்டி ஓட்டும்போது நீங்கள் சட்டப்படி லைசென்ஸ் இல்லாதவர். போலீஸ் பிடித்தால் அபராதம், அது பெரிய விஷயமில்லை. பயணக் காப்பீட்டில் "விலக்குகள்" என்று ஒரு பக்கம் இருக்கும். செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் ஓட்டி அடிபட்டால் பணம் கிடையாது என்று அதில் எழுதியிருப்பது வழக்கம். நான் எழுதிக்கொடுக்கும் பாலிசிகளிலும் உண்டு. இங்கே தலையில் அடி என்றால் கோவைக்கு இறக்குகிறோம். அங்கே மேவ் வாக்கிலிருந்து மலைப்பாதையிலேயே பல மணி நேரம் வந்தால்தான் ஹா ஜாங் நகரம். அங்கிருந்து ஹனோய் சுமார் 300 கிலோமீட்டர். ஆம்புலன்ஸ், அறுவைச் சிகிச்சை, விமானத்தில் படுக்கவைத்துக் கொண்டுவருவது எல்லாமே கைக்காசு. இன்னும் மோசமானது நடந்தால் வெளியுறவுத் துறையின் 'மதத்' (MADAD) என்ற உதவி இணையதளத்தில் மனுப் போட்டுவிட்டுத் தூதரகத்துக்குப் போன் செய்துகொண்டிருக்கப் போவது உங்கள் அம்மாதான். அவர் வீடியோ அனுப்புவதைக் கிண்டல் செய்ய வேண்டாம்.

குன்னூர்_கிளட்ச்:
அக்கா, வண்டி குடுக்கறவன் வாட்ஸ்அப்ல "லைசென்ஸ் தேவையில்லை, நாங்க கேக்க மாட்டோம்"னுதான் போட்டிருக்கான். எத்தனையோ இந்தியன்ஸ் ஓட்டிட்டு வந்து ரீல்ஸ் போட்டிருக்காங்களே?

பர்லியார்_ஸ்டியரிங்:
விழுந்தவன் ரீல்ஸ் போட மாட்டான் தம்பி.

பாலிசி_அக்கா:
வாடகைக்காரர் கேட்காமல் இருப்பது அவர் வியாபாரம். காப்பீட்டு நிறுவனம் கேட்கும்.

கோத்தகிரி_புல்லட்:
அக்கா சொல்றது சட்டப்படி சரி, மறுக்கல. நானும் அந்தப் புத்தகத்தோடதான் போனேன், அது செல்லாதுன்னு தெரிஞ்சேதான். பணத்தையும் எலும்பையும் பணயம் வெச்சுதான் போறோம்னு புரிஞ்சு போறது வேற, தெரியாம போறது வேற. வளர்ந்த ஆளுக்கு அந்த உரிமை இருக்கு. அதையும் பயந்து பயந்து மூடி வெச்சா எதுக்கு இருக்கோம்?

பெருமாள்மலை:
பணயம் உன்னோட எலும்பு மட்டும்னா சரி. எதிர்ல வர்றது முதுகுல கூடையோட நடக்குற ஊர்ப் பொம்பளையா இருந்தா? இ-பாஸ் எடுத்துக்கிட்டு வாரக் கடைசியில வந்து நம்ம மலையில தாறுமாறா ஓட்டறவனத் திட்டறோம்ல. அவனும் இதே டயலாக்கத்தான் பேசறான், "என் உயிரு, என் இஷ்டம்"னு.

கோத்தகிரி_புல்லட்:
அது நியாயமான அடி. பதில் யோசிக்கிறேன். ஆனா ஒழுங்கா ஓட்டறவளையும் தாறுமாறா ஓட்டறவனையும் ஒரே கட்டுல கட்டாதீங்க.

பர்லியார்_ஸ்டியரிங்:
சண்டை போதும். அக்டோபர்ல அங்க வானிலை எப்படி? 2024 செப்டம்பர்ல யாகி புயல்ல வட வியட்நாம்ல வெள்ளத்துலயும் மண்சரிவுலயும் முன்னூறு பேருக்கு மேல செத்தாங்க. நீலகிரியில 2009 நவம்பர் மண்சரிவ நாம மறந்திருக்க மாட்டோம். மழைக்கு ரெண்டு நாள் கழிச்சும் மண்ணு எறங்கும். கையில ரெண்டு நாள் கூடுதலா வெச்சுக்கோ. பிளைட்டுக்கு நேரமாச்சுன்னு மழையில ஓட்டறவன்தான் விழுவான். ரோடு தெரிஞ்ச உள்ளூர் ஆளு ஓட்ட, பின்னாடி உக்காந்து போற ஏற்பாடு இருக்குதாமே?

கோத்தகிரி_புல்லட்:
இருக்குதுங்க அண்ணா, "ஈஸி ரைடர்"னு சொல்லுவாங்க. காசு கூட ஆகும். ஓட்டறவங்க பெரும்பாலும் அந்த மலையிலயே பொறந்த பசங்க. எங்க ஹாரன் அடிக்கணும், எங்க ஜல்லி கெடக்கும்னு தெரியும்.

குன்னூர்_கிளட்ச்:
எங்கள்ல ரெண்டு பேரு பின்னாடி உக்காந்து போறோம்னு இப்பவே குரூப்ல சொல்லிட்டானுங்க, துரோகிங்க. நாலாவது ஆளு, நம்ம குன்னூர் பக்கத்து வெலிங்டன்காரன், ஓட்டுவேன்னு நிக்கிறான். எனக்குப் பின்னாடி உக்காந்து மா பி லெங் பாக்கறத நெனச்சாலே கடுப்பாகுது. அக்கா, பின்னாடி உக்காந்தா அந்த விலக்கு வராதா?

பாலிசி_அக்கா:
உரிமம் பற்றிய கேள்வி எழாது. ஆனால் சில பாலிசிகளில் இருசக்கர வாகனப் பயணமே தனியாக விலக்கப்பட்டிருக்கும், சிலவற்றில் வண்டியின் இஞ்சின் அளவுக்கு (சிசி) வரம்பு இருக்கும். வாங்கப் போகும் பாலிசியின் விலக்குகள் பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். என்னிடம்தான் வாங்க வேண்டும் என்றில்லை.

பட்டறை_அருவங்காடு:
அந்த வெலிங்டன்காரன ஞாயித்துக்கிழமை பட்டறைக்கு அனுப்பு. ஸ்ப்ளெண்டர் ஒண்ணு நிக்குது, கால பழகட்டும்.